கொள்ளுத்தாத்தாவின் பெற்றோர் யார், அவருக்கு எங்கே கல்யாணம் நடந்தது என்பதைப் பழைய ஆவணங்களிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் கையில் இருக்கும் இனிஷியலை முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான் இருக்கிறது, ஆள் 1900 வாக்கில் வாழ்ந்தவர், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அந்த ஒற்றை எழுத்து எங்களை மூன்று வருடம் சுற்றவிட்டது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் உண்டு. தலைப்பாகை, கோட்டு, கையில் குடை. கொள்ளுத்தாத்தாவின் அப்பா என்று சொல்லி வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று அதற்கு மாலை போடுவோம். அவர் பெயர் 'அ'வில் தொடங்கும். பழைய பட்டாவில் கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னாலும் அதே 'அ'. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் நாகப்பட்டினத்துக்கு மேற்கே ஒரு கிராமத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அதனால் கோயில் புத்தகம் இருக்கும் என்ற தைரியத்தில் இறங்கினேன். டெல்டாவில் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோவா வழிச் சாமியார்களும் பிரெஞ்சுச் சாமியார்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தனித்தனி நிர்வாகம் நடத்திய பகுதி இது. 1952இல் தஞ்சாவூர் மறைமாவட்டம் உருவாகும்வரை வேளாங்கண்ணியே மயிலாப்பூர் மேற்றிராசனத்தின் (மறைமாவட்டத்துக்குப் பழைய பெயர்) கீழ்தான் இருந்தது. உங்கள் ஊர் இன்று எந்தப் பங்கில், அதாவது எந்தக் கோயிலின் ஆளுகையில் இருக்கிறது என்பதை வைத்துப் போனால் ஏமாறுவீர்கள். அந்த வருடத்தில் எந்தப் பங்கில் இருந்தது என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பங்குச்சாமியாரிடம் கடிதம் கொடுத்து, ஒரு சனிக்கிழமை மதியம் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்க்க அனுமதி கிடைத்தது. லத்தீன் பதிவுகள். லத்தீன் என்றதும் பயப்பட வேண்டாம், எல்லாப் பதிவும் ஒரே அச்சுதான்: தேதி, குழந்தையின் பெயர், பிறகு 'ஃபீலியுஸ் லெஜித்திமுஸ்', அதாவது முறைப்படி பிறந்த மகன், அடுத்து தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், சாமியாரின் கையெழுத்து. பத்துப் பதிவு படித்தால் பதினொன்றாவது தானாகப் புரியும். மை படிந்து பழுப்பேறிய தாள். பூச்சி தின்ற துளை ஒன்று எட்டுப் பத்துப் பக்கங்களை ஒரே இடத்தில் துளைத்துக்கொண்டு போயிருந்தது. அந்தத் துளை எங்கள் ஆளின் பெயர்மேல் விழாமல் தப்பித்தது.

விழுந்தாலும் பெரிய நஷ்டமில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் கல்லை எறிந்தால் ஒரு சவரிமுத்து மேலோ ஓர் அந்தோணிசாமி மேலோதான் விழும். கொள்ளுத்தாத்தா பெயரும் அந்த மாதிரிதான். 1884இல் அந்தப் பெயரில் ஒரு பையன், 1886இல் இன்னொரு பையன். ஒருவனுடைய தகப்பன் பெயர் 'ம', இன்னொருவனுடைய தகப்பன் 'ச'. 'அ' எங்கேயும் இல்லை. இரண்டு பதிவையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, நம் ஆள் இந்த ஊரிலேயே பிறக்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினேன்.

இங்கேதான் தப்புப் பண்ணினேன். எழுத்து தெளிவாக விழட்டும் என்று கிட்டே வைத்து எடுத்த படத்தில் தாளின் இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அதே பக்கத்தைத் திருப்பினால், 1886ஆம் வருடப் பையனுக்கு நேரே ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. 'காரிக்கல், 1909' என்பதும் ஒரு பெண்ணின் பெயரும் மட்டும் படிக்க முடிந்தது. அது எங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயர்!

ஓரத்தில் ஏன் அப்படி எழுதினார்கள் என்றால், 'நே தெமெரே' என்ற ரோமாபுரித் திருச்சபைச் சட்டம் 1908 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தாலும், ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்கே ஞானஸ்நானப் பதிவின் பக்கத்திலேயே அதைக் குறித்துவைக்க வேண்டும். எல்லாச் சாமியாரும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஆள் கத்தோலிக்கர், கல்யாணம் 1908க்குப் பிறகு என்றால், பிறப்பையும் கல்யாணத்தையும் முடிச்சுப் போடும் கயிறு அந்த ஓரத்தில்தான் கிடக்கும். படம் எடுத்தால் முழுத் தாளையும் எடுங்கள்.

கொள்ளுப்பாட்டியை ஊரில் 'காரைக்கால்காரி' என்றுதான் கூப்பிடுவார்களாம். அப்பாவின் அத்தை நூறு தடவை சொல்லியிருக்கிறார். துப்பு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் அதை வெறும் பட்டப்பெயர் என்று விட்டுவிட்டோம்.

காரைக்கால் என்றால் அன்றைக்கு வேறு தேசம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. நம் பக்கத்தில் ஓர் இந்துக் கல்யாணத்தையோ கிராமத்துப் பிறப்பையோ எழுதிவைக்கும் கட்டாயம் பெரிதாக இல்லாத காலத்தில், 1880ஆம் வருட ஆணைக்குப் பிறகு பிரெஞ்சிந்தியாவில் எல்லா மதத்தாருக்கும் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு வந்துவிட்டது. 'எத்தா சிவில்' என்பார்கள். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்தில் வேர் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நகராட்சியில் மனுப் போட்டு நகல் வாங்கலாம். பிரான்சில் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் என்ற ஊரில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், பழைய காலனிப் பதிவேடுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. தேடும்போது எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் 'யூ' என்று ஓர் எழுத்து போடும் இடத்தில் பிரெஞ்சுக்காரன் 'ஓ', 'யூ' என இரண்டு எழுத்துப் போடுவான். முத்துவும் குப்புவும் வேறு ஆள் மாதிரி தெரிவார்கள். அப்புறம், 1881 ஆணைப்படி இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களில் அப்பா பெயருக்கும் மகன் பெயருக்கும் ஒட்டே இருக்காது.

நகல் கைக்கு வந்தது. எனக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது. மணமகன் பெயர் தெரிந்தது, வயது இருபத்து மூன்று, ஊர் சரி. தகப்பன் பெயருக்கு முன்னால் 'எஃப், ஈ, யூ' என்று மூன்றெழுத்துச் சொல் ஒன்று. இதுதான் ஆளின் முதல் பெயர் போலிருக்கிறது என்று ஒரு வாரம் முழுக்க அந்தப் பெயரில் ஓர் ஆளைத் தேடினேன். கடைசியில் காரைக்காலில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, அது பேரு இல்லப்பா. காலஞ்சென்றன்னு அர்த்தம். மாப்பிள்ளையோட தகப்பனாரு கல்யாணத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு."

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த பெயர் 'ச'. ஞானஸ்நானப் புத்தகத்தில் 1886ஆம் வருடப் பையனின் தகப்பன் பெயரும் அதேதான். தாயின் பெயரும் பொருந்தியது. சரி, அப்படியானால் கூடத்தில் குடையோடு நிற்கும் 'அ' யார்?

அதே தாளில், இரண்டு வரி கீழே இருந்தார். மணமகளின் தகப்பன்! அதாவது கொள்ளுத்தாத்தாவின் மாமனார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமனாரின் எழுத்து எப்படி மருமகனுக்கு இனிஷியலாக வந்தது? காரைக்கால் கோயிலின் திருமணப் புத்தகத்தில் பதில் இருந்தது. இரண்டாம் தலைமுறை இரத்த உறவுத் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது என்று லத்தீனில் ஒரு வரி. கோயில் சட்டப்படி நெருங்கிய சொந்தத்தில் கட்டக்கூடாது, கட்டினால் மேற்றிராணியாரிடம், அதாவது ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும். நம்மவர்களுக்கோ முறைப்பெண் இருக்க வெளியே பெண் எடுப்பதுதான் குற்றம். அதனால் நம் ஊர்த் திருமணப் புத்தகங்களில் இந்த விலக்கு அடிக்கடி கண்ணில் படும். அதைச் சடங்கு வார்த்தை என்று தாண்டிப் போய்விடாதீர்கள், வம்சாவளியே அதில்தான் இருக்கிறது. அந்தக் காலக் கணக்கில் இரண்டாம் தலைமுறை என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை. ஆகவே மிச்சம் இரண்டே வழி: மாமன் மகள், இல்லாவிட்டால் அத்தை மகள்.

எந்த வழி என்பதை முடிவு செய்தது ஓர் இறப்புப் பதிவு. கொள்ளுத்தாத்தாவின் அம்மா, கல்யாணம் முடிந்த மூன்றாம் வருடம் காரைக்காலிலேயே இறந்திருக்கிறார். இறப்பைப் போய் அறிவித்தவர் 'அ', உறவு என்ற இடத்தில் 'இறந்தவரின் சகோதரர்'. விதவையான தங்கையையும் அவள் பையனையும் அழைத்துப்போய் வைத்துக்கொண்டு, பையன் வளர்ந்ததும் தன் மகளையே கட்டிவைத்த தாய்மாமன். ஊர் கொள்ளுத்தாத்தாவை 'அ' வீட்டுப் பையன் என்றுதான் அறிந்திருக்கும். பட்டா எழுதிய கர்ணமும் அப்படியே எழுதிவிட்டார். அந்த இறப்புப் பதிவில் இன்னொரு லாபம்: இறந்தவளின் தாய் தகப்பன் பெயரும் இருந்தது. ஒரு தலைமுறை இலவசம். ஆட்கள் பிறப்பையும் கல்யாணத்தையும் விழுந்து விழுந்து தேடுவார்கள், இறப்பைத் தொடவே மாட்டார்கள்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது பெரிய கலவரம் ஒன்றும் இல்லை. "அப்ப இத்தன வருசமா மாமனாருக்கா மாலை போட்டோம்?" என்று அப்பாவின் அத்தை கேட்டார். படத்தைக் கழற்ற மட்டும் விடவில்லை.

நீங்கள் கத்தோலிக்கரும் இல்லை, காரைக்கால் பக்கமும் இல்லை என்றால் பாதை வேறு. தமிழ்நாட்டில் அந்தக் காலத்து இந்துக் கல்யாணத்துக்குப் பதிவேடு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், எல்லாக் கல்யாணத்தையும் பதிய வேண்டும் என்ற மாநிலச் சட்டமே 2009இல்தான் வந்தது. சொத்து இருந்த குடும்பம் என்றால் பத்திரம்தான் கதி. பத்திரப் பதிவு 1860களிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு பத்திரத்திலும் 'இன்னார் குமாரர்', 'இன்னார் பாரியாள்' என்று உறவு எழுதியே தீர வேண்டும் என்பதால், அதுவே ஒரு குடும்ப மரம். அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் லாட்டரி அடித்த மாதிரி, அண்ணன் தம்பி அத்தனை பேரும் வரிசையாக நிற்பார்கள். பெண்ணுக்கு மஞ்சள்காணியாக நிலம் எழுதிக் கொடுத்திருந்தால் அது கல்யாணத்துக்கே சாட்சி. இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975இலிருந்துதான். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போட வேண்டும். அங்கே சொத்து வாரியாக ஓர் அட்டவணையும் ஆள் பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் இருக்கும். பெயர் அட்டவணையில் தேடச் சொல்லி வற்புறுத்துங்கள். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் வேலையில் நிறைய சர்வே எண்கள் மாறிவிட்டன, இன்றைய எண்ணை மட்டும் கொடுத்தால் 'இல்லை' என்று பதில் வரும்.

பரணில் பழைய மொய் நோட்டு இருந்தால் அதையும் இறக்குங்கள். தாய்மாமன் சீர் யார் வைத்தார், எந்த ஊர் என்பது அதில் இருக்கும். பழைய பத்திரத்திலும் ஜாதகத்திலும் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் கவனம். 'தாது' என்றால் 1876 பஞ்சத்தின் வருடமாகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அறுபது வருடம் தவறினால் அப்பாவும் தாத்தாவும் இடம் மாறிவிடுவார்கள்.

உங்கள் ஆளின் அண்ணன் தம்பி யாராவது கப்பலேறினதாகப் பேச்சு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். ஊரிலேயே இருந்தவரைவிட ஊரைவிட்டுப் போனவரைப் பற்றி அதிகம் எழுதிவைத்திருக்கிறார்கள். தம்பியின் தகப்பன் பெயர் கிடைத்தால் அண்ணனுடையதும் கிடைத்த மாதிரிதானே.

எந்தத் தாலுகா, குடும்பத்துக்கு நிலம் இருந்ததா, கொள்ளுப்பாட்டியை ஊரில் என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், இந்த மூன்றையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்த அலுவலகத்தில் தொடங்கலாம் என்று சொல்கிறேன். பட்டப்பெயரை மறந்துவிடாதீர்கள்.