முதலாம் ஆண்டுக்கே புது லேப்டாப் வேண்டுமா?

கேள்வி: மகள் இந்த ஆண்டு பி.இ. கணினி அறிவியல் சேர்கிறாள். வீட்டில் 2018-ல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ5-8250யூ ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. கிராபிக்ஸ் கார்டோடு புதிது வாங்கச் சொல்லிக் கல்லூரியில் பட்டியல் தந்திருக்கிறார்கள். கடைக்காரரும் அதையேதான் சொல்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். லேப்டாப்பில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எந்த வேலையும் செய்யாதபோது டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள். 100 சதவீதத்திலேயே நின்றால் கோளாறு ஹார்டு டிஸ்க்கில்தான். அதை எடுத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தைப் போடுங்கள். செலவு, புது லேப்டாப் விலையில் சிறு பங்குதான். முதலாம் ஆண்டுப் பைத்தான், சி பாடங்களுக்கு 8 ஜிபி தாராளம். மூன்றாம் ஆண்டில் என்ன தேவை என்பது தெரிந்த பிறகு, அதற்கேற்றதை வாங்கலாம். அட்மிஷன் அன்றே கிராபிக்ஸ் கார்டு கேட்கும் கல்லூரிகள், அது எந்தப் பாடத்துக்கு என்று ஒரு வரி எழுதித் தரக்கூடாதா? கடன் வாங்கிக் கட்டுகிறவர்கள் பெற்றோர்தானே!

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்களுடையது எட்டாம் தலைமுறை ப்ராசஸர், ஐ5-க்குப் பின்னால் வரும் 8 அதைத்தான் சொல்கிறது. அதனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அந்த எண் 7 அல்லது 6 என்று தொடங்கியிருந்தால் என் பதிலே வேறு. ஓரிரு மாடல்கள் தவிர அவற்றை மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை. "நான் போட்டுத் தருகிறேன்" என்று குறுக்கு வழியில் ஏற்றித் தரும் கடைகள் உண்டு. நாளை அப்டேட் நின்றுபோனால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். அப்படிப்பட்ட லேப்டாப்புக்குச் செலவே செய்யாதீர்கள்.

பழைய அலுவலக லேப்டாப்களை "ஐ7, சூப்பர் கண்டிஷன்" என்று விற்பவர்களிடமும் இதே எண்ணைக் கேளுங்கள். நான்காம் தலைமுறையாக இருந்தாலும் ஸ்டிக்கரில் ஐ7 என்றுதான் இருக்கும். பேச்சில் மயங்கி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்றும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கழற்றிய ஹார்டு டிஸ்க்கைக் கையோடு வாங்கி வாருங்கள். குடும்பப் படங்களும் ஆதார் நகலும் அதில்தான் இருக்கின்றன. "எக்ஸ்சேஞ்சில் கழித்துக்கொள்கிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள்.