பெரியம்மாவின் நினைவு மலரில் லயத்தை எழுதலாமா?

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த தாய்க்கு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்த எங்கள் பெரியம்மா, 1982இல் அரச வங்கியொன்றில் எழுதுநராகச் சேர்ந்து, கிளை முகாமையாளராக ஓய்வு பெற்றவர். போன வருஷம் காலமானார். வருஷத் திதிக்கு நினைவு மலர் போடுகிறோம், எழுதும் பொறுப்பு எனக்கு. மாமாவோ, "லயத்துக் கதை வேண்டாம், பதவிகளை மட்டும் போடு. மலையகத்தின் முதல் பெண் வங்கி முகாமையாளர் என்று எழுது" என்கிறார். என்ன செய்யட்டும் அக்கா?
- வாசகி, ஹட்டன்

பதில்: அன்புத் தங்கைக்கு,

லயத்தைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதுநர், முகாமையாளர் என்ற பதவி வரிசை எத்தனையோ பேருக்கு உண்டு. பெரியம்மா எங்கிருந்து புறப்பட்டார் என்பது தெரிந்தால்தான் அவர் செய்த காரியத்தின் அளவு வாசிப்பவருக்குப் புரியும்.

இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. இதற்கு நடுவில்தான் ஒரு தோட்டத்துப் பிள்ளை அரச வங்கிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். உங்கள் தாத்தாவுக்குப் பிரஜாவுரிமை எப்போது, எந்த வழியில் கிடைத்தது? வீட்டுப் பெட்டியில் அந்தக் கடதாசியைத் தேடுங்கள். கிடைத்தால் பெரியம்மாவின் நியமனக் கடிதத்தோடு ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள்.

மாமாவைக் கோபிக்க வேண்டாம். 'தோட்டக்காட்டான்' என்ற ஏளனச் சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. மறைத்தால்தான் மரியாதை என்று அவருக்குப் பழகிவிட்டது. அவரிடம் மேகி வாக்கரைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். 1903இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் வங்கி தொடங்கி, அதற்குத் தலைவராகவும் இருந்த கறுப்பினப் பெண். அவருடைய அம்மா ஊரார் துணிகளை வெளுத்துப் பிழைத்தவர். வெளுத்த துணிகளைச் சின்ன வயதில் மேகிதான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரிய ஆளான பிறகு அதை மறைக்கவில்லை. தலையில் துணிக்கூடையோடு பிறந்தவள் நான் என்று தானே சொன்னார். சில்லறைக் காசு சேர்த்தவர்கள் அவருடைய வங்கியை நம்பிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். இவ்வளவும் சொன்ன பிறகு, பெரியம்மா எந்த வெளிச்சத்தில் படித்தார், பள்ளிக்கூடத்துக்கு யாரோடு நடந்தார் என்று மாமாவையே கேளுங்கள். தன் வாயால் சொன்னதை வெட்டச் சொல்ல அவருக்கு மனம் வராது.

அப்புறம், மலரின் நடுப்பகுதியை வேலைக்கே கொடுங்கள். கவுண்டரில் தமிழ் பேசும் ஒருவர் இருந்தது கைநாட்டு வைக்கும் ஆட்களுக்கு என்ன மாற்றத்தைத் தந்தது? சேமலாப நிதிக் காசை எடுக்க வந்தவரின் பெயர் தோட்டப் பதிவில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால், பெரியம்மா என்ன வழி சொன்னார்? நகை அடகு வைக்க வந்த பெண்களிடம் எப்படிப் பேசினார்? இதெல்லாம் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் தோட்டத்து மூத்தவர்களுக்கும்தான் தெரியும். சீக்கிரம் போய்க் கேளுங்கள், வயதானவர்கள் காத்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளரின் பெயரையும் கணக்குத் தொகையையும் மட்டும் அச்சில் போடாதீர்கள். வங்கி ரகசியத்தைக் காத்தவருடைய மலரில் அது தப்பு.

'முதல்' விஷயத்தில் மாமா சொன்னபடி போட வேண்டாம். ரோகிணி நாணயக்காரவை இலங்கை வங்கியின் முதல் பெண் பொது முகாமையாளர் என்று எழுதப் பதிவு இருக்கிறது. மலையகம் முழுவதற்கும் அப்படி ஒரு பதிவு உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் 'எங்கள் தோட்டத்திலிருந்து வங்கி வேலைக்குப் போன முதல் பெண்' என்று எழுதுங்கள். அதையும் தோட்டத்தில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

அவரோடு வேலை செய்த சிங்கள நண்பர்களிடமும் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அதைச் சிங்களத்திலேயே அச்சிட்டு, கீழே தமிழில் சுருக்கம் கொடுத்தால் போதும்.