தோழனுக்காக வயலினில் ஓர் உருப்படி: எந்த இராகத்தில் தொடங்குவது?

கேள்வி: தருமபுரத்தில் வசிக்கிறேன் ஐயா. வயலின் வாசிப்பேன். இருபது வருடங்களாக எனக்கு மிருதங்கம் வாசித்த நண்பன் சிறுநீரக நோயால் காலமாகிவிட்டான். வருகிற ஆவணியில் ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் ஆண்டு நினைவு நாள். அந்தியேட்டிக் கல்வெட்டு என்கிற நினைவு மலருக்கு நாலு வரி கேட்டார்கள், என்னால் எழுத முடியவில்லை. வயலினில் மட்டும், சொல் இல்லாமல், அவனுக்காக ஏதாவது அமைக்க விரும்புகிறேன். முகாரியிலும் சுபபந்துவராளியிலும் முயன்றேன். படத்தில் சாவுக் காட்சிக்குப் போடும் இசை போல இருக்கிறது. அவனுக்குப் பிடித்தது மோகனம். அது மகிழ்ச்சியான இராகம் என்பதால் தொடவில்லை. கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையை அப்பி, ‘தொம்’ என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்ப்பான். அதன் பிறகுதான் நான் வில்லை எடுப்பேன். கனடாவில் உள்ள அவனுடைய தங்கைக்கு ஒலிப்பதிவும் அனுப்ப வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. முகாரியிலோ சுபபந்துவராளியிலோ குறை எதுவும் இல்லை. ஆனால் திரைப்படமும் வானொலியும் அந்த இராகங்களின் சில பிடிகளை எத்தனையோ பேருடைய சாவுக்குப் பயன்படுத்திவிட்டதால், அவற்றை எடுத்த உடனேயே கேட்பவர் மனத்தில் பொதுவான துக்கம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தத் துக்கத்துக்குள் உங்கள் நண்பர் இல்லை. இதை நானும் பிந்தித்தான் அறிந்தேன். என்னுடன் படித்த ஒருவர் இறந்தபோது, சோக இராகங்களாகவே தேர்ந்து ஓர் இராகமாலிகை அமைத்து, என் குருவின் வீட்டில் வாசித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட குருவின் மனைவி, “எல்லாம் சரி தம்பி, இதுக்குள்ள அவன் எங்க இருக்கிறான்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் இப்போது உங்களிடமும் வைக்கிறேன்.

இறந்த தோழனைப் பாடும் வழக்கத்துக்குத் தமிழில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. பாரி மாய்ந்த பின் பறம்பு மலையிடம் விடைபெறும் கபிலர், தம் கண்ணீரைச் சொல்வதற்கு முன்பே, அங்கே திறக்கப்பட்ட கள் சாடிகளையும், விருந்துக்கு வீழ்த்திய ஆட்டுக்கிடாய்களையும், அள்ளி அள்ளித் தந்த ஊனையும் சோற்றையும் சொல்லிவிடுகிறார். சேர்ந்து உண்ட சோறு முன்னே வந்துவிட்டதால்தான் பின்னே வரும் கண்ணீர் அவ்வளவு கனக்கிறது. சொல்லற்ற இசையிலும் இவ்வாறு செய்தவர்கள் இருக்கிறார்கள். பிரான்சின் மொரிஸ் ரவெல் 1914 முதல் 1917 வரை எழுதிய பியானோத் தொகுதி ஒன்றின் ஆறு பகுதிகளும் முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவுக்கு உரியவை. அவற்றுள் மூன்று, பழைய நடன வடிவங்கள். ஆகவே மோகனத்தைத் தொடுவதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அவருக்குப் பிடித்த இராகத்தை விட்டுவிட்டு அவரை வேறெங்கும் தேட முடியாது.

உருப்படியின் முதல் ஒலியை உங்கள் கடிதமே தந்துவிட்டது. வில்லைத் தொடாமல், மந்திர ஸட்ஜத் தந்தியை (கீழ் ‘ஸ’) விரலால் ஒரே ஒரு முறை மீட்டுங்கள்; அதுதான் அந்தத் ‘தொம்’. விரலின் நுனியால் அல்லாமல் சதைப்பற்றான பகுதியால், பலகையின் நடுப்பக்கமாக மீட்டினால், தந்தியின் கூர்மை குறைந்து தொப்பியின் ஈர நாதத்துக்கு ஓரளவு கிட்ட வரும். ஒலி அடங்கும்வரை பொறுத்திருந்து, அவர் பார்த்த பிறகு தொடங்குவது போலவே தொடங்குங்கள்.

மோகனத்தை முதலில் நீங்கள் இருவரும் வழக்கமாக வாசித்த நடையிலேயே, ஆதி தாளத்தில், தளர்வில்லாமல் வாசியுங்கள். சோகத்தை வலிந்து ஏற்ற வேண்டாம். பிறகு கிரக பேதம், அதாவது ஆதார சுரத்தை மாற்றி வைப்பது, செய்யலாம். மோகனத்தின் காந்தாரத்தை (‘க’) ஸட்ஜமாகக் (‘ஸ’) கொண்டால் அதே ஐந்து சுரங்கள் ஹிந்தோளம் ஆகிவிடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. புதிதாக ஒரு சுரமும் வரவில்லை, இருந்த ஒன்றும் போகவில்லை, நிற்கிற இடம் மட்டும் மாறிவிட்டது. ஒருவர் இறந்த மறுநாள் அதே முற்றமும் அதே படலையும் நமக்குத் தோன்றுவதும் இப்படித்தான். இந்தப் பகுதிக்குச் சுருதிப் பெட்டியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் காது பழைய ஸட்ஜத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். திறந்த தந்திகளை விட்டு, விரல் வைத்தே வாசித்தால் சுரத்தை அசைக்கும் கமகத்துக்கும் இடமிருக்கும்.

ஹிந்தோளத்தில் நீண்ட நேரம் தங்க வேண்டாம், இரண்டு மூன்று நிமிடம் போதும். ரிஷபத்தை (‘ரி’) ஆதாரமாக்கி மத்தியமாவதிக்குப் போய் முடிக்கும் ஆசையும் உங்களுக்கு வரக்கூடும். கச்சேரியை நிறைவு செய்யும் இராகமாகையால், துக்கம் தீர்ந்துவிட்டது என்று அது சொல்லிவிடும் என்பது என் எண்ணம். சுருதியை மீண்டும் போட்டு, மோகனத்துக்கே திரும்புங்கள்.

முடிவில் அவருக்கு உரிய இடத்தை விடவேண்டும். ‘ததிங்கிணதொம்’ என்ற ஐந்து மாத்திரைத் தீர்மானத்தை, அதாவது முடிக்கும் சொற்கட்டை, மூன்று முறை வைத்தால் பதினைந்து. எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரையாக நடத்தினால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, பதினாறு மாத்திரை. சுற்றின் தொடக்கமான சமத்தை விட்டு ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் மூன்றாவது முறை முடிந்தவுடன் அடுத்த சமம். ஐந்து சொற்களுக்கும் மேல் ஸட்ஜத்திலிருந்து ‘ஸ த ப க ரி’ என்று இறங்குங்கள். முதல் முறை வாசியுங்கள், இரண்டாம் முறை வாசியுங்கள். மூன்றாம் முறை வில்லைத் தூக்கிவிட்டு, தாளத்தை மனத்துக்குள் போட்டபடி சும்மா இருங்கள். கணக்குத் தெரியாதவருடைய காதும் அந்த மூன்றாவது தீர்மானத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். சமம் வரும்போது, தொடக்கத்தில் மீட்டிய அதே மந்திர ஸட்ஜத்தை மீண்டும் ஒரு முறை மீட்டி நிறுத்துங்கள்.

சொல் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். எங்கள் வன்னிச் சாவு வீடுகளில் ஒப்பாரியின் சொற்கள் எட்டாத தூரத்துக்கும் பறைமேளம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. திவசத்தன்று படையலும் சாப்பாடும் முடிந்து, வீட்டார் ஆறுதலாக இருக்கும் வேளையில் வாசிப்பது நல்லது. அவர்களுடைய சம்மதத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் வில் நடுங்கும். நீண்ட வில்லைத் தவிர்த்து, வில்லின் நடுப்பகுதியாலேயே வாசிக்கப் பழகியிருந்தால் கை ஓரளவு அடங்கி நிற்கும்.

தங்கைக்கான பதிவைத் திவசத்துக்கு முன்பே, விடிகாலையில் வீட்டின் உள்ளறையில் செய்துவிடுங்கள். கைத்தொலைபேசியை மேசையில் வைத்தால் மேசையின் அதிர்வும் சேர்ந்து பதிவாகும். ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்தில், மடித்த துணியின் மேல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பாமல் கோப்பாக இணைத்து அனுப்பினால் நாதம் அவ்வளவாகக் கெடாது. கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்: கடைசியில் வருகிற அமைதி பதிவின் பிழையல்ல, அது அண்ணா வாசிக்கிற இடம் என்று.