அப்பத்தா பேச்சை அக்காவும் தம்பியும் பதிவு செய்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: நானும் அக்காவும் சேர்ந்து அப்பத்தாவின் பழைய கதைகளைப் பதிவு செய்யப்போகிறோம். இருவருமே கேள்வி கேட்கலாமா?

பதில்: வேண்டாம், ஒருவர் மட்டும் கேளுங்கள். மற்றவர் ஹெட்போன் மாட்டி ஒலியைக் கவனிக்கட்டும். நோட்டில் "12:40 – பெரிய மச்சான், யார்?" என்று நிமிடத்தோடு குறிக்கட்டும். அந்தச் சந்தேகங்களைக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவர் கேட்கலாம். 'ம்' கொட்டாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். நம் பெரியவர்களோ 'ம்' சத்தம் நின்றால் கதையையே நிறுத்திவிடுவார்கள். கேள்வி கேட்பவர் மட்டும் மெல்லக் கொட்டலாம்.

கேள்வி: போன் போதுமா?

பதில்: போதும். காலர் மைக் இருந்தால் இன்னும் நல்லது. வாய்க்கு ஒரு சாண் கீழே, சேலை மடிப்போ சங்கிலியோ உரசாத இடத்தில் குத்துங்கள். உரசல் சத்தம் பேச்சின் மேலேயே விழும், பிறகு நீக்குவது பெரும்பாடு. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும். பதிவு செய்யும் ஆப்பின் அமைப்பில் வேவ் (WAV, ஒலியைச் சுருக்காத) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ (ஒற்றை ஒலித்தடம்) என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். சீலிங் ஃபேனை நிறுத்தியாக வேண்டும், அதனால் வெயில் ஏறுமுன் உட்காருங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

கேள்வி: வருஷம் கேட்டால் "யாரு கண்டா" என்கிறார்.

பதில்: வருஷத்தைக் கேட்காதீர்கள், ஊரறிந்த நிகழ்ச்சியைக் கேளுங்கள். "நயா பைசா வந்தப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" (ரூபாய்க்கு நூறு காசு என்று வந்த புதுக் காசு, 1957 ஏப்ரல்). "தனுஷ்கோடி புயலப்ப அப்பா கைப்பிள்ளையா, நடந்தாரா?" (1964 டிசம்பர்). ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு அந்தப் புயல் மறக்காது. "எம்.ஜி.ஆர். செத்தப்ப எந்த வீட்டுல இருந்தீங்க?" (1987 டிசம்பர்). இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒன்றைப் பொருத்திவிட்டால் காலம் தானாகப் பிடிபடும்.

கேள்வி: "அப்படி நடக்கலை" என்று அண்ணன் நடுவிலேயே திருத்துகிறான்.

பதில்: அது பதிவையே கெடுத்துவிடும். ஒருமுறை திருத்தினால் அதன்பின் அப்பத்தா யோசித்து யோசித்துச் சுருக்கிப் பேசுவார். அண்ணனின் நினைவைத் தனிக் கோப்பாக இன்னொரு நாள் பதியுங்கள். இரண்டும் முரண்பட்டால் முரண்படட்டும், அதுவும் குடும்ப வரலாறுதான்.

கேள்வி: சொத்துச் சண்டையெல்லாம் பேச்சில் வந்துவிட்டதே?

பதில்: யார் யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பதிலையும் பதியுங்கள். மூலத்தை வெட்டாதீர்கள். அந்தப் பகுதி இல்லாத பிரதியை மட்டும் உறவினருக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கே சேமிப்பது?

பதில்: அன்றிரவே மூன்று இடத்தில்: உங்கள் கணினி, அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்க், ஒரு கிளவுட். மூன்றையும் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே போனில் அழியுங்கள்.