மார்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் பிலிப்பைன்ஸின் மிகச் சிறந்த படங்கள் வந்தது எப்படி?

அடக்குமுறை இருந்தால்தான் கலை பிறக்கும் என்று வாதாடுகிறவர்களுக்குப் பிலிப்பைன்ஸ் ஒரு வசதியான உதாரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் கேள்வி நியாயமானதுதான். 1972 செப்டம்பரில் ஃபெர்டினாண்ட் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் வந்த படங்களைத்தான் அந்த நாட்டுக்காரர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

முன்கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஹோசே நெபொமுசேனோ 1919இல் எடுத்த 'டலாகாங் புகித்' மௌனப் படம். நாயகி அதாங் டெ லா ராமா திரையரங்குக்கே வந்து படம் ஓடும்போது பாடினார். ஐம்பதுகளில் எல்விஎன், சம்பகீத்தா, பிரீமியர், லெப்ரான் என்ற நான்கு ஸ்டுடியோக்களின் ராஜ்ஜியம். அதுவும் சரிந்தது, எல்விஎன் 1961இல் படத் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் மலிவான அடிதடிப் படங்கள். எழுபது வாக்கில் 'பொம்பா' எனப்பட்ட கவர்ச்சிப் படங்கள்.

பொம்பாவை ஒழிக்கிறோம் என்று வந்த தணிக்கை வாரியம் ஒரு நிபந்தனை போட்டது: படப்பிடிப்புக்கு முன்பே முழுத் திரைக்கதையைக் காட்ட வேண்டும். அரசை விமர்சிக்கும் வசனத்தை முளையிலேயே கிள்ளுவது நோக்கம். நடந்ததோ வேறு. அன்றன்றைக்குக் காட்சியை எழுதி ஒப்பேற்றி வந்த தயாரிப்பாளர்களுக்கு முதன்முறையாக நல்ல எழுத்தாளர்கள் தேவைப்பட்டார்கள். ரிக்கி லீ போன்றவர்கள் மேலே வந்தது இந்தக் காலத்தில்தான். அரசு இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆட்கள் வெளியிலிருந்து வந்தார்கள். இயக்குநர் லீனோ ப்ரோக்கா, பெட்டா என்ற நாடக இயக்கத்தின் ஆள். மைக் டி லியோன், எல்விஎன் ஸ்டுடியோவை நடத்திய டோன்யா சிசாங்கின் பேரன். ப்ரோக்காவின் 'மணிலா: ஒளியின் நகங்களில்' (1975) படத்துக்கு மைக்தான் தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளரும் அவரே. காணாமல்போன காதலியைத் தேடி மணிலாவுக்கு வரும் மீனவ இளைஞனின் கதை அது. கட்டட வேலையில் கூலியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் காட்சிகளைப் பார்த்தால், அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு ஏன் எரிந்தது என்று புரியும். அடுத்த ஆண்டு ப்ரோக்காவின் 'இன்சியாங்'. மணிலாவின் தொண்டோ குடிசைப் பகுதியில் தாய், மகள், தாயின் காதலன் என்று மூன்றே பேரைச் சுற்றி நடக்கும் கதை. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போன முதல் பிலிப்பைன்ஸ் படம் இதுதான், 1978இல்.

மார்கோஸின் மனைவி இமெல்டா அப்போது பெருமணிலாவின் ஆளுநர். நகரத்தை அழகான முகமாக உலகுக்குக் காட்ட நினைத்தவர். இஷ்மாயெல் பெர்னால் 1980இல் 'மணிலா பை நைட்' எடுத்தபோது தலைப்பில் இருந்த மணிலாவையே எடுக்கச் சொன்னார்கள். 'சிட்டி ஆஃப்டர் டார்க்' என்று பெயர் மாற்றி, வசனத்தில் வரும் ஊர்ப் பெயரையும் வெட்டித்தான் வெளியிட முடிந்தது.

அதே இமெல்டாவுக்கு சினிமாவால் கிடைக்கும் பெருமையும் வேண்டியிருந்தது. இந்த இரட்டை மனம்தான் என் பதிலின் மையம். 1982 ஜனவரி சர்வதேசத் திரைப்பட விழாவுக்காக மணிலா விரிகுடா ஓரம் ஒரு பிரம்மாண்டமான திரைப்பட மாளிகை அவசர அவசரமாக எழும்பியது. 1981 நவம்பர் 17 அன்று சாரம் சரிந்து தொழிலாளர்கள் ஈரக் கான்கிரீட்டில் புதைந்தார்கள். இறந்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. விழா மட்டும் குறித்த தேதியில் நடந்தது.

ஆனால் 'ஹிமாலா'வும் (1982) அரசுப் பணத்தில் வந்த படம்தான். மகள் இமீ மார்கோஸ் தலைமையில் இருந்த அரசுத் திரைப்பட நிறுவனம் தயாரிக்க, ரிக்கி லீ எழுத, பெர்னால் இயக்கினார். வறண்டுபோன ஊரில் மேரி மாதாவைக் கண்டதாகச் சொல்லும் எல்சாவாக நோரா ஔனோர். நோரா நிஜத்தில் ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்று வளர்ந்த, குள்ளமான, கறுத்த பெண். வெள்ளைத்தோல் கலப்பின அழகிகளே நாயகிகளாக இருந்த திரையில் அவர் சூப்பர் ஸ்டார் ஆனதே தனிக் கதை. சொந்த நிறுவனம் வைத்து, ஜப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய துணிச்சலான படமும் தயாரித்தார். 'ஹிமாலா'வின் கடைசியில் பெருங்கூட்டத்தின் முன் நின்று "அற்புதம் என்று எதுவும் இல்லை" என்று அவர் கத்துவார். அரசு கொடுத்த காசில் அந்த வசனம் எப்படித் தப்பியது என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வியப்பேன்.

விலை கொடுக்காமல் இல்லை. ப்ரோக்காவின் 'பயான் கோ' படப்பிரதியை 1984இல் கானுக்கு ரகசியமாகக் கடத்திப் போக வேண்டியிருந்தது. மறு ஆண்டு, ஜீப்னி என்ற பயணிகள் வண்டி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்ததற்காக அவர் சிறையில் இருந்தார். உள்ளூரில் அந்தப் படத்தின் தணிக்கை விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஆக, ஸ்டுடியோக்கள் விழுந்ததால் வந்த வெற்றிடம், நாடகத்திலிருந்து வந்தவர்கள், சொந்தப் பணத்தைப் போடத் துணிந்த நட்சத்திரங்கள், வெளிநாட்டுப் பாராட்டுக்கு ஆசைப்பட்ட ஒரு அரசு. அடக்குமுறைக்கு இதில் மதிப்பெண் போட என் மனம் ஒப்பவில்லை.

பார்க்க நினைத்தால் 'இன்சியாங்'கில் தொடங்குங்கள். ஒன்றரை மணி நேரம்தான். அதுவும் மேலே சொன்ன 1975 மணிலா படமும் 'ஹிமாலா'வும் நன்றாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டன. யூடியூபில் கிடக்கும் மங்கிப்போன பிரதியைப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.