6 வயதுக்கு என்ன வேலை, 8 வயதுக்கு என்ன வேலை?

கேள்வி: மகனுக்கு 8 வயது, மகளுக்கு 6. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். குழந்தைகளும் வீட்டில் கொஞ்சம் கைகொடுத்தால் நன்றாக இருக்கும், ஆனால் இந்த வயதுக்கு எதைக் கொடுக்கலாம் என்று தெரியவில்லை. மகள் தானாகவே ஆசையாக வருகிறாள். அவள் வந்தால் எனக்கு வேலை இரட்டிப்பாகிறது. மகனைப் பத்து முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. செய்தால் காசு தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: வேலை இரட்டிப்பாவது உண்மைதான். எந்த வேலையானாலும் கற்றுத்தரும் முதல் இரண்டு, மூன்று வாரம் உங்களுக்குச் சுமை கூடத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பள்ளிக்குக் கிளம்பும் காலை அவசரத்தில் எதையும் புதிதாகக் கற்றுத்தர வேண்டாம். நேரம் கிடைக்கும் ஒரு விடுமுறை நாளில் தொடங்குங்கள்.

மகளின் ஆசையை மட்டும் எப்படியாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக் குழந்தைகள்கூட, பெரியவர் ஒருவர் தவறவிட்ட பொருளை எட்ட முடியாமல் தவிப்பதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார்கள். உதவ வேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு சின்ன வயதிலேயே இருக்கிறது. "நேரமாச்சு, நீ போய் விளையாடு" என்று நாம்தான் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். சில வருடம் கழித்துக் கூப்பிட்டால் வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். உங்கள் மகன் விஷயத்திலும் இப்படி நடந்திருக்கலாம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, வேலைக்குப் போகும் எல்லா வீடுகளிலும் நடப்பதுதான்.

சரி, எந்த வேலை? வயதைப் பார்ப்பதோடு, அந்த வேலையில் எத்தனை படிகள் இருக்கின்றன என்றும் எண்ணிப் பாருங்கள். "அறையைச் சுத்தம் செய்" என்பது நமக்கு ஒரே வேலை. 6 வயதுக் குழந்தைக்கு அதில் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. நடு அறையில் நின்று விழிக்கும், பிறகு கீழே கிடக்கும் ஒரு பொம்மையை எடுத்து விளையாட ஆரம்பித்துவிடும். அது சோம்பல் இல்லை. "பொம்மைகளை எல்லாம் கூடையில் போடு" என்று மட்டும் சொல்லுங்கள். முடித்த பிறகு, "இப்போது புத்தகங்களை அலமாரியில் வை." இந்த வயதில் ஒரே மூச்சில் இரண்டு கட்டளைக்கு மேல் சொன்னால் மூன்றாவது நினைவில் நிற்பது கடினம். தினமும் செய்யும் வேலையென்றால் படிகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள். நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் மகளுக்குத் துவைத்த துணியிலிருந்து சாக்ஸ் ஜோடி சேர்ப்பது மிகப் பொருத்தமான வேலை. நிறம், அளவு, கோடு என்று பார்த்துப் பிரிப்பது அந்த வயதுக்கு விளையாட்டு மாதிரி. கைக்குட்டை, சின்னத் துண்டு மடிக்கலாம். சட்டை மடிப்பது இன்னும் இரண்டு வருடம் போகட்டும். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு, டம்ளர் எண்ணி எடுத்து வைக்கலாம், அவை உடையாதவையாக இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் "ஒரு செடிக்கு ஒரு குவளை" என்று அளவைச் சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால் பாசத்தில் ஊற்றி ஊற்றியே செடி அழுகிவிடும். மேசை துடைக்கலாம். துணியை நீங்கள் பிழிந்து கொடுங்கள், அந்தச் சின்னக் கைகளில் முறுக்கிப் பிழியும் பலம் இன்னும் வந்திருக்காது.

மகனுக்கு இவற்றைவிட நீளமான வேலை கொடுக்கலாம். தன் தண்ணீர் பாட்டிலையும் மதிய உணவுப் பெட்டியையும் கழுவிக் கவிழ்ப்பது, துவைத்த துணியை மடித்து அவரவர் அலமாரியில் சேர்ப்பது, குப்பைக் கூடையைக் காலி செய்து புது உறை போடுவது எல்லாம் 8 வயதில் முடியும். பெருக்கவும் முடியும், ஆனால் பெரியவர்களுக்கான நீளத் துடைப்பம் அவன் கைக்கு நிற்காது. கட்டையான ஒன்றைக் கொடுங்கள். தரையில் ஒட்டும் டேப்பால் ஒரு சின்னச் சதுரம் போட்டு, "தூசி எல்லாம் இதற்குள் வர வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று கண்ணுக்குத் தெரிந்தால் பெருக்குவது பாதி பழகிவிடும். வளர்ப்புப் பிராணி இருந்தால் அதற்குச் சாப்பாடு வைக்கலாம். ஆனால் வைத்தானா என்று தினமும் ஒரு பெரியவர் பார்த்தே ஆக வேண்டும், அவன் மறந்ததற்கு அது பட்டினி கிடக்கக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தன் பையை எடுத்து வைப்பது, தன் படுக்கையை மடிப்பது எல்லாம் தேவைதான், ஆனால் அவை தன் வேலை. ஆளுக்கு ஒன்றாவது வீட்டில் எல்லோருக்குமான வேலையாக இருக்க வேண்டும். ஜோன் குருசெக், ஜாக்குலின் குட்நவ் உள்ளிட்டோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களைவிடச் சற்றுப் பெரிய குழந்தைகளிடம், மற்றவர்களுக்கான வேலைகளை வழக்கமாகச் செய்வதற்கும் பிறர்மேல் அக்கறை காட்டுவதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அதோடு, தட்டும் டம்ளரும் மகளுக்கு, வெளிவேலை மகனுக்கு என்று நிரந்தரமாகப் பிரித்துவிடாதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. அடுப்பு, கொதிக்கும் தண்ணீர், கூர்மையான கத்தி, ஏணி ஏறுவது, கைக்குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது ஆகியவை இந்த இரண்டு வயதிலும் வேண்டாம். 60 டிகிரி வெப்பத் தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அவர்களுக்கு இன்னும் சீக்கிரம் சுடும். கழிப்பறை கழுவும் திரவங்களை அவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வெளிவரும். மேசை துடைக்க வெறும் தண்ணீர் போதும்.

அப்புறம் காசு. அன்றாட வேலைக்குக் காசு வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முதலில் சொன்ன வார்னெக்கனும் டொமசெல்லோவும் 2008-இல் இன்னொரு சோதனையை வெளியிட்டார்கள். உதவி செய்ததற்குப் பொருளாகப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவுமே பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். அவர்கள் உங்கள் பிள்ளைகளைவிட மிகச் சிறியவர்கள்தான். ஆனால் வீடுகளில் நான் பார்ப்பதும் இதையேதான். "இன்றைக்கு எனக்குக் காசு வேண்டாம், அதனால் செய்யமாட்டேன்" என்று குழந்தை சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. கைச்செலவுக்குப் பணம் தருவதாக இருந்தால் அதைத் தனியாகத் தாருங்கள், வேலையோடு முடிச்சுப் போடாதீர்கள்.

காசைவிட ஆர்வத்தைச் சீக்கிரம் கெடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அவள் மடித்த துண்டை அவள் கண்ணெதிரிலேயே நீங்கள் பிரித்து மறுபடி மடிப்பது. ஒருமுறை இதைப் பார்த்தால் போதும், தான் செய்தது செல்லாது என்று அவளுக்குப் புரிந்துவிடும். கோணலாக இருந்தால் அலமாரியில் கோணலாகவே இருக்கட்டும். திருத்த வேண்டியதை அடுத்த முறை மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். வேலையைத் தண்டனையாகவும் கொடுக்காதீர்கள்.

இனி மகன். கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவன் வேலையை ஏற்கனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிவிடுங்கள். பள்ளியிலிருந்து வந்து பையைக் கீழே வைத்ததும் பாட்டிலும் உணவுப் பெட்டியும் கழுவும் இடத்துக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் விளையாட்டு. எந்த வேலை என்பதை அவனே தேர்ந்தெடுக்கட்டும். வீட்டில் நடக்கும் எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, யார் யார் செய்கிறார்கள் என்றும் எழுதி அவன் முன் வையுங்கள். உங்கள் பெயரும் கணவர் பெயரும் எத்தனை முறை வருகிறது என்று அவனே எண்ணட்டும். முதல் மாதத்துக்கு ஒரே ஒரு வேலை, பத்து நிமிடத்துக்கு மேல் போகாததாக இருக்கட்டும். மறந்தால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் செய்யவில்லையென்றால், நீங்கள் கழுவி வைக்காதீர்கள். மறுநாள் காலை கிளம்பும் முன் அவனே கழுவட்டும், அதற்காகக் கொஞ்சம் முன்னதாக எழுப்பிவிடுங்கள். காய்ச்சல், தேர்வு என்று வரும் நாட்களில் மட்டும், "இன்று உன் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

"இத்தனை நாள் இல்லாமல் இப்போது ஏன்?" என்று அவன் கட்டாயம் கேட்பான். எனக்குத் தனியாக முடியவில்லை, உன் கை தேவைப்படுகிறது என்று உள்ளதையே சொல்லுங்கள். 8 வயதுப் பையனுக்கு அது புரியும்.