தூரம் ஒன்றாக இருந்தும் பயண நேரம் ஏன் மாறுகிறது?

கேள்வி: டோக்கியோவிலிருந்து ஹொனலுலுவுக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறேன். போக 7 மணி நேரம், திரும்பி வர எட்டரை மணி நேரம் என்று அதில் உள்ளது. வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குப் புறப்படும் விமானம், அதே வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குச் சென்று சேர்வதாகவும் போட்டிருக்கிறது. இது பிழையா? ஹோட்டல் அறையை எந்தத் தேதிக்குப் பதிவு செய்வது?

பதில்: டிக்கெட்டில் உள்ளது சரிதான். ஹொன்ஷு தீவிலுள்ள டோக்கியோவுக்கும் ஒவாஹு தீவிலுள்ள ஹொனலுலுவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 6,200 கிலோமீட்டர். இது பூமியின் வளைவை ஒட்டி அளக்கப்படும் பெருவட்டத் தூரம். ஓர் உலக உருண்டையில் இரு நகரங்களையும் நூலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தால், ஹொனலுலு தென்கிழக்கே இருந்தபோதிலும், அந்த நூல் டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ நேர் கிழக்காகக் கிளம்பிப் பிறகே தெற்கே சரிவதைக் காணலாம். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டு அதன் வழியே சென்றால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான்.

நேரத்தை உண்மையில் மாற்றுவது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம், குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வாசபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்து, 1926இல் எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். அந்த மொழியைப் படித்தவர்கள் குறைவு என்பதால், இத்தனை முக்கியமான கண்டுபிடிப்பு வெகுகாலம் உலகின் கவனத்துக்கு வராமலே இருந்தது வருத்தத்துக்குரியது.

கிழக்கே போகும் விமானத்தை இக்காற்று பின்னிருந்து தள்ளுகிறது. மேற்கே வரும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்றும், வழி நெடுகக் காற்றின் பங்கு சராசரியாக 80 கிலோமீட்டர் என்றும் கொண்டால், போகும்போது 980 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 6 மணி 20 நிமிடமும், வரும்போது 820 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 7 மணி 35 நிமிடமும் ஆகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு அரை மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்காற்று கடுமையாக இருக்கும் நாட்களில் விமானம் தெற்கே விலகி, கூடுதல் தூரம் பறந்தாவது அதைத் தவிர்க்கும். ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விடையை நம்பாமல், டிக்கெட்டிலுள்ள நேரத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

இனி தேதி. டோக்கியோ நேரம் ஹொனலுலுவைவிட 19 மணி நேரம் முந்தியது; இரண்டு இடங்களிலும் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால், ஆண்டு முழுவதும் இதே வித்தியாசம்தான். நீங்கள் தரையிறங்கும்போது டோக்கியோவில் சனிக்கிழமை அதிகாலை 4 மணி. அதிலிருந்து 19 மணி நேரத்தைக் கழித்தால் வெள்ளிக்கிழமை காலை 9 மணி. எனவே அறையை வெள்ளிக்கிழமையிலிருந்தே பதிவு செய்யுங்கள். அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும் என்பதால், அதுவரை பெட்டிகளை வைத்திருக்க முடியுமா என்று ஹோட்டலில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

திரும்பும்போது இதற்கு நேர்மாறாக ஒரு நாள் கழிந்துவிடும்: சனிக்கிழமை நண்பகலில் கிளம்பினால், டோக்கியோவை அடையும்போது ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணி. அங்கிருந்து வேறு விமானமோ ரயிலோ பிடிப்பதாக இருந்தால், குளிர்காலத்தில் மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டுப் பதிவு செய்யுங்கள்.